ஒழுங்கை எங்கே போய் முடிகிறது? – வாசகர் கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஊர்கள் பெருகும் விதம், ஒழுங்கைகள், காணிப் பிரிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு நகரத் திட்டமிடலும் நில அளவையும் தெரிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

எங்கள் ஊரில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் பழைய ஒழுங்கைகள் நேராகப் போகின்றன. அவற்றிலிருந்து பிரியும் சின்ன ஒழுங்கைகள் மட்டும் யாருடையோ வாசலில் முட்டி நிற்கின்றன. இது எப்படி வந்தது? இனித் திருத்த முடியுமா?
– காத்தான்குடி வாசகர்

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி அல்லது வயல், நடுவில் மணல் மேடு. அந்த மேட்டின் முதுகில் ஏ4 நெடுஞ்சாலை. காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோர ஊர்களின் எலும்புக்கூடு இதுதான். நெடுஞ்சாலையிலிருந்து இரு பக்கமும் இறங்கும் பழைய ஒழுங்கைகள் கடலுக்கும் வயலுக்கும் போய்வரத் தேவைப்பட்டவை. வண்டில் போன பாதைகள் என்பதால் நேராகவும் ஓரளவு அகலமாகவும் இருக்கின்றன.

சின்ன ஒழுங்கைகளின் கதை வேறு. நமது பகுதியில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகின்றன. 40 பேர்ச் வளவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பக்கம் 22 மீற்றர், ஆழம் 46 மீற்றர். மூன்று மகள்மார். முன்வீடு ஒருத்திக்கு, பின்வளவில் இரண்டு வீடு மற்றவர்களுக்கு. பின்னால் இருப்பவர்கள் வெளியே வர வேலியோரமாய் 4 அடி, மனமிருந்தால் 6 அடி விடுவார்கள். அக்கா தங்கச்சிக்குள் அது போதும். அடுத்த தலைமுறையில் அந்தத் துண்டுகள் மறுபடி பிரியும். வேலி மதிலாகும், சைக்கிள் ஓட்டோவாகும், குடும்பத்துக்குள் இருந்த நடைபாதை பத்து வீட்டுக்கான தெருவாகும். 6 அடி என்பது 1.8 மீற்றர். அம்புலன்ஸ் வானுக்கு உடம்பே ஏறக்குறைய 2 மீற்றர். கதவு திறந்து ஆளை ஏற்ற 3 மீற்றராவது வேண்டும். ஆகவே நோயாளியைக் கதிரையில் வைத்துத் தூக்கி வரவேண்டியதுதான்.

திருத்த வழி இருக்கிறது. உங்கள் ஒழுங்கை முட்டி நிற்கும் மதிலுக்கு அப்பால் என்ன என்று பாருங்கள். பல இடங்களில் அடுத்த ஒழுங்கையின் பின்வளவும் அதே முறையில் பிரிந்து, அங்கிருந்தும் ஒரு முட்டொழுங்கை முதுகோடு முதுகாய் வந்து நிற்கும். இடைவெளி ஒரு வளவின் அகலம்கூட இராது. 20 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலத்தில் நடைபாதை விட்டால் போகும் காணி 30 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்ற கணக்கில் 1.2 பேர்ச். அதற்கான விலையை இரண்டு ஒழுங்கைக்காரரும் பங்கு போட்டால் பெரிய தொகையல்ல.

முதலில் இரு பக்கமும் நாடா பிடித்து அளந்து ஒரு தாளில் கீறுங்கள். பிறகு காணிக்காரரோடு பேசுங்கள். இணக்கம் வந்ததும் அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அந்தத் துண்டைத் தனி இலக்கத்தோடு அளந்தெடுத்து, உறுதி எழுதி உள்ளூராட்சி சபையிடம் கையளியுங்கள். வாய்ப்பேச்சில் விட்ட பாதை காணி கைமாறும் நாளோடு போய்விடும். இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

செங்கலடிப் பக்கம் 2 ஏக்கர் தென்னங்காணியைத் துண்டு போட்டு விற்கிறார்கள். 16 பேர்ச் துண்டொன்று பார்த்திருக்கிறோம். உறுதி சுத்தம் என்று நொத்தாரிசு சொல்கிறார். வேறென்ன பார்க்க வேண்டும்?
– ஏறாவூர் வாசகி

உறுதியோடு பிளானையும் பாருங்கள், அதிலும் நடுவில் போகும் பாதையின் கடைசி நுனியை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். காணி முன்பக்கம் 60 மீற்றர், ஆழம் 135 மீற்றர் என்று வையுங்கள். ஏறக்குறைய 2 ஏக்கர். நடுவில் 6 மீற்றர் பாதையைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனால் இரு பக்கமும் ஒன்பது ஒன்பதாய் 18 துண்டு, ஒவ்வொன்றும் 27க்கு 15 மீற்றர், அதாவது 16 பேர்ச். அதே பாதையை எல்லைக்கு 15 மீற்றர் முன்னரே நிறுத்தினாலும் 18 துண்டுதான் வரும். ஆனால் கடைசி இரண்டும் 30க்கு 15 மீற்றராகப் பெருக்கும். விற்பவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 90 சதுர மீற்றர், மூன்றரைப் பேர்ச். இந்த மூன்றரைப் பேர்ச்சுக்காகவே பின்காணியோடு சேரக்கூடிய தெரு முட்டுத் தெருவாகிறது. பின்காணிக்காரர் நாளை அதைத் துண்டு போடும்போது அவரும் இதையே செய்வார். இரண்டு தெருவும் 30 மீற்றர் இடைவெளியில் நிற்க, அங்கிருந்து இங்கு வரப் பிரதான வீதிக்குப் போய்ச் சுற்றி வரவேண்டும்.

முட்டுத் தெருவில் வீடு கட்டப்போகிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: மண் லொறி எங்கே திரும்பும்? திரும்ப இடம் விடாத 120 மீற்றர் தெருவில் லொறி பின்பக்கமாகத்தான் வெளியேறும். முதல் மழைக்குள் யாருடையவாவது மதில் மூலை உடைந்திருக்கும். தெரு முடிவில் ‘ட’ அல்லது ஆங்கில ‘டி’ வடிவில் திரும்புமிடம் பிளானில் இருக்கிறதா, வீதி சந்திக்கும் மூலைகள் சரிவாக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிளானில் பாதைக்கும் ஒரு துண்டு இலக்கம் இருக்கும். அது யார் பெயரில் இருக்கிறது, பிரதேச சபைக்குக் கையளிக்கப்பட்டதா என்று கேளுங்கள். விற்றவர் பெயரிலேயே கிடந்தால் வீதி விளக்குக்கும் கொங்கிறீற்றுக்கும் சபை கை வைக்கத் தயங்கும். தெரு முடிவில் ஓரடி அகலத்தில் ஒரு கீற்றுக் காணியைத் தனி இலக்கமாக ஒதுக்கியிருந்தால் விழிப்பாயிருங்கள். பின்காணிக்காரர் இந்தத் தெருவைப் பாவிக்காமல் தடுக்கவும், பிறகு அவரிடம் பணம் கேட்கவும் வைக்கிற கீற்று அது.

சபையின் அங்கீகார முத்திரை, இலக்கம், திகதி மூன்றும் பிளானில் வேண்டும். உறுதியின் அட்டவணையில் உள்ள பிளான் இலக்கம் அதே இலக்கமாக இருக்க வேண்டும். பாதையின் அகலத்தைக் கடுதாசியில் பார்த்தால் போதாது. மதிலிலிருந்து மதிலுக்கு நாடா பிடியுங்கள். 6 மீற்றர் என்று கீறிய தெரு தரையில் 5 மீற்றராய் இருப்பது புதினமல்ல, அதற்குள் மின்கம்பமும் நிற்கும்.

நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதிகள் நடைமுறையிலுள்ள பகுதிகளில், ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். 2 ஏக்கர் ஒரு ஹெக்டயருக்குக் குறைவு. பெரிய காணியொன்று இரண்டு இரண்டு ஏக்கராய், வருடத்துக்கொன்றாய் விலைக்கு வருவதைக் கண்டால் காரணத்தை ஊகித்துக்கொள்ளலாம். விளையாட்டுத் திடலும் இராது, ஒன்றோடொன்று சேரும் தெருவும் இராது.

நகரப் பரவல் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். ஓர் ஊரின் தெருக்கள் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்பதை எப்படி அளப்பது? கையால் செய்யக்கூடிய முறை இருக்கிறதா?
– ஒலுவில், பல்கலைக்கழக மாணவி

ஒரு சதுர கிலோமீற்றர் கட்டமொன்றை வரைபடத்தில் போடுங்கள். அதற்குள் தெருக்கள் சந்திக்கும் புள்ளிகளையும் முடியும் புள்ளிகளையும் குறியுங்கள். முட்டுத் தெருவின் நுனிக்கு 1, மூன்று தெரு கூடும் சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4. எல்லாவற்றையும் கூட்டிப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். 20 முச்சந்தி, 5 நாற்சந்தி, 15 முட்டு என்றால் 60 + 20 + 15 = 95; அதை 40ஆல் வகுக்க 2.4 அளவில் வரும். முழுச் சதுரக் கட்டத் தெருக்கள் என்றால் 4ஐ நெருங்கும்.

அடுத்தது சுற்றுவழி விகிதம். வீட்டிலிருந்து பாடசாலைக்கு நடக்கும் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுங்கள். சதுரக் கட்டத்தில் இது எந்த நிலையிலும் 1.41ஐத் தாண்டாது, சராசரி 1.27. முட்டொழுங்கை ஊரில் 3, 4 என்றும் போகும்: பள்ளிக்கூட மணி மதிலுக்கு அப்பால் கேட்கும், பிள்ளை போய்ச் சேர அரைக் கிலோமீற்றர் நடக்கும்.

உலகளவில் இதைச் செய்தவர்கள் கிறிஸ்டபர் பாரிங்டன்-லீ, ஆதம் மில்லர்ட்-பால் இருவரும். சந்திகளின் அளவு, முட்டுத் தெரு வீதம், சுற்றுவழி முதலியவற்றைச் சேர்த்து ஒரே துண்டிப்புக் குறியீடாக்கி, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மப் தரவில் ஓட்டினார்கள். 2015இல் வந்த கட்டுரையின்படி அமெரிக்காவில் புதிதாய் இட்ட தெருக்களின் துண்டிப்பு 1990களின் நடுவில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியது. 2020இல் வந்த உலக ஆய்வோ 1975க்குப் பின் உலகின் பெரும்பகுதியில் எதிர்மாறாக நடந்ததைக் காட்டியது. தென்கிழக்காசியாவில் மதில் கட்டி கேற் போட்ட குடியிருப்புகள் பெருகித் தெருக்கள் அறுந்துபோயின. ஜப்பானிலும், பொலிவியா, ஆர்ஜென்டினா, பெருவிலும் கட்டத் தெரு பிழைத்திருக்கிறது. ஜேர்மனி, டென்மார்க் போன்ற நாடுகளில் வாகனத்துக்கு முட்டாக இருக்கும் தெரு நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் திறந்திருக்கிறது. கார் வழியையும் கால் வழியையும் உங்கள் ஆய்வில் தனித்தனியாக எண்ணுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

நமது மாவட்டங்களில் இந்தக் கணக்கு எங்கே பிழைக்கும்? கல்லடியில் போட்ட கட்டத்தில் ஒரு பகுதி வாவி. சதுர கிலோமீற்றருக்கு எத்தனை சந்தி என்று கணக்கிடும்போது தண்ணீரைக் கழியுங்கள். கட்டத்தின் விளிம்பில் அறுபடும் தெருவை முட்டென்று எண்ணாதீர்கள். 10 மீற்றர் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு முச்சந்திகளை ஒரு நாற்சந்தியாக எடுப்பதா என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்து, கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். 6 அடி ஒழுங்கைகள் பல வரைபடத்தில் ஏறவேயில்லை. சைக்கிளில் போய்ப் பார்த்தால்தான் உண்டு. படத்தில் திறந்திருக்கும் தெருவில் நேரில் பூட்டிய கேற்றும் நிற்கும். ஒப்பிட நல்ல சோடி வேண்டுமானால் கடலோரக் கல்முனையையும் அம்பாறை நகரத்தையும் எடுங்கள். முன்னது மேட்டில் தானாய் அடர்ந்தது. பின்னது 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவான பிறகு அந்தத் திட்டத்தோடு வளர்ந்தது.

தெரு திறந்திருந்தால் கண்டவன் நின்றவன் எல்லாம் வருவான், லொறி ஓடும். முட்டொழுங்கை அமைதியாக இருக்கிறது. இதில் என்ன பிழை?
– கல்லடி வாசகர்

அமைதி உண்மைதான். பிள்ளைகள் தெருவில் விளையாடலாம். ஆனால் முட்டொழுங்கைகளின் போக்குவரத்து எங்கும் மறைந்துவிடுவதில்லை. பிரதான வீதியில் போய்க் குவிகிறது. பக்கத்துத் தெருக் கடைக்குப் போகிறவரும் ஏ4இல் ஏறி இறங்கினால், பஸ்ஸும் லொறியும் ஓடும் வீதியில் உள்ளூர்ச் சைக்கிளும் கலக்கிறது. உங்கள் ஒழுங்கையின் அமைதிக்கான விலையைச் சந்தியில் இருக்கிறவர் கொடுக்கிறார்.

அமைதியும் வேண்டும், வழியும் வேண்டும் என்றால் முறை பழையது. 1929இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் கட்டிய ராட்பேர்ன் குடியிருப்பில் காருக்கு முட்டுத் தெரு. வீடுகளின் மறுபக்கத்தால் பூங்காவுக்கும் பாடசாலைக்கும் தொடர் நடைபாதை. பிறகு பிரதி பண்ணியவர்கள் முட்டுத் தெருவை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். உலகம் முழுக்கப் பரவியது அந்த அரைகுறைப் பிரதிதான்.

இங்கே செய்வதானால் இணைப்பு வாயில் கொங்கிறீற் தூண் நடுங்கள். ஓட்டோவின் அகலம் 1.3 மீற்றர். தூண்களுக்கிடையே 1.2 மீற்றர் விட்டால் ஓட்டோ நிற்கும். சைக்கிள், சக்கர நாற்காலி, குழந்தை வண்டி போகும். மோட்டார் சைக்கிளும் போகும், அதை மறிக்கப் போனால் சக்கர நாற்காலியும் மறிபடும். ஒரு தூணைக் கழற்றிப் பூட்டக்கூடியதாகச் செய்து, திறப்பை வாயிலுக்குப் பக்கத்து வீடுகள் இரண்டில் வைத்தால் அவசரத்துக்கு வாகனமும் விடலாம். ஒரு வீட்டில் மட்டும் வைத்தால் அவர்கள் கதிர்காமம் போன நாளில்தான் தேவை வரும்.

ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்ட பின் மாரியில் வெள்ளம் எங்கள் வளவுக்குள் வருகிறது. முன்னர் வந்ததில்லை. எங்கள் வீடு கடைசி வீடு.
– ஆரையம்பதி வாசகி

கடைசி வீடு என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மணல் ஒழுங்கையில் பெய்த மழை நின்ற இடத்திலேயே ஊறும். கொங்கிறீற்றில் ஊறாது, சரிவு பார்த்து ஓடும். திறந்த தெருவென்றால் மறு வாயிலால் வெளியேறும். முட்டில் உங்கள் படலைதான் வாயில். பழைய தரையைத் தோண்டாமல் மேலே 15 சென்ரிமீற்றர் போட்டிருந்தால் தெரு உயர்ந்து உங்கள் முற்றம் பள்ளமாகியிருக்கும்.

கொங்கிறீற் போட முன் கேட்க வேண்டியவை: பழைய தரையை வெட்டி இறக்கி அதே மட்டத்துக்குக் கொண்டுவருவார்களா? குறுக்குச் சரிவு ஒரு பக்கமாக 40க்கு 1 இருக்கிறதா? 3 மீற்றர் அகலத் தெருவுக்கு அது ஏழரைச் சென்ரிமீற்றர். நீளச் சரிவு முட்டிலிருந்து வாயை நோக்கி 200க்கு 1ஆவது இருக்கிறதா? 100 மீற்றர் ஒழுங்கையில் 50 சென்ரிமீற்றர் விழவேண்டும். சமதரை மணலில் அவ்வளவு கிடைக்காது, ஆகவே ஓரத்தில் வடிகான் இல்லாமல் சரிவராது. வாயிலுள்ள பெரிய தெருவின் கானோ உங்கள் கானின் அடிக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்குள்ள தண்ணீர் திரும்பி வரும்.

போட்டு முடிந்த பிறகென்றால் இரண்டு வழி. பின்வளவுக்காரர் சம்மதித்தால் எல்லையோரமாய்க் குழாய் புதைத்து அடுத்த ஒழுங்கைக் கானில் விடலாம். அல்லது படலைக்கு முன்னால் குறுக்கே இரும்புச் சட்டக மூடி போட்ட கானொன்று வெட்டி, ஓரக் கானில் சேர்க்கலாம். உறிஞ்சு குழி தோண்டச் சொல்வார்கள். வெயிற் காலத்தில் அது வேலை செய்யும். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் சில அடிக்குள் ஏறிவிடுவதால், தேவைப்படும் மாதங்களில்தான் குழி ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் காணி விலை ஏறுகிறது. வீதியோர வயலை நிரப்பிக் கடை கட்டலாமா?
– கொக்கட்டிச்சோலை வாசகர்

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை எழுத்து மூல அனுமதியின்றி நிரப்பவோ வேறு தேவைக்குப் பாவிக்கவோ முடியாது. முதலில் உங்கள் கமநல சேவை நிலையத்தில் அந்தக் காணி எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நிரப்பிவிட்டுக் கேட்பது வழக்கமாகிவிட்டது, நிரப்பிய மண்ணை அள்ளச் சொன்னால் செலவு இரட்டிப்பு.

அனுமதி கிடைத்தாலும் வீதியோரத்தைக் கடையாலும் வீட்டாலும் ஒரே வரிசையாய் அடைக்காதீர்கள். பாலம் வந்த ஊர்களில் முதலில் நடப்பது இதுதான். முன்வரிசை விற்றுத் தீர்ந்தபின் பின்வயலுக்கு உழவு இயந்திரம் இறங்க இடமிராது. பின்னொரு நாள் அங்கே குடியிருப்பு வந்தால் தெருவும் இராது. 100 மீற்றருக்கு ஒருமுறையாவது 6 மீற்றர் வழியை இப்போதே பிளானில் ஒதுக்கி வையுங்கள். வாய்க்காலை மறித்தால் மேல்வயற்காரர் விடமாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். மதகின் குழாயை வாய்க்காலைவிடச் சிறிதாய்ப் போடாதீர்கள்.

கடலோரத்தில் இருக்கிறோம். சுனாமி எச்சரிக்கை வந்தால் எந்தத் தெரு நல்லது?
– நிந்தவூர் வாசகி

கடலுக்குச் செங்குத்தாக, இடையில் முடக்கமில்லாமல் உள்பக்கம் போகும் தெரு. கடற்கரையோடு சமாந்தரமாய்ப் போகும் வீதி அகலமாக இருந்தாலும் அதில் ஓடினால் கடலிலிருந்து விலக மாட்டீர்கள். உங்கள் ஒழுங்கையின் உள்முனையை இன்றே நடந்து பாருங்கள். 2004க்குப் பிறகு கட்டிய மதிலோ பூட்டிய கேற்றோ இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வாகனத்தை எடுக்க வேண்டாம். எல்லா ஒழுங்கையும் ஒரே சந்தியில் கொட்டுவதால் அங்கே நெரிசல் நிச்சயம்.

நாங்கள் நெடுங்காலம் பாவித்த பாதையை அடுத்த வளவுக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார்.
– வாழைச்சேனை வாசகர்

பழைய உறுதிகளிலும் பிளானிலும் பாதை காட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டாலும், 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் (Prescription) கட்டளைச் சட்டப்படி பத்து வருடம் அனுமதி கேட்காமல், இடையறாமல், உரிமையாகப் பாவித்ததை நிரூபித்தால் வழியுரிமை கோரலாம். வேறு வழியே இல்லாத காணிக்குத் தேவை வழியும் கேட்கலாம். வேலியை நீங்களே பிடுங்காதீர்கள். அன்றே படமெடுத்துப் பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். சமாதானக் குலைவு வருமென்றால் 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயம் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகும். தாமதித்தால் வழக்கு மெலியும். அதற்கு முன் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்க முடிந்தால் செலவு மிச்சம்.

எங்கள் ஒழுங்கை வாயில் ‘வழி இல்லை’ என்று பலகை போடலாமா?
– அக்கரைப்பற்று வாசகர்

சபையிடம் கேட்டுப் போடுங்கள். முட்டில் போட்டுப் பயனில்லை. பெரிய தெருவில் வரும் சாரதி திரும்புமுன் கண்ணில் படும்படி வாயில், 2 மீற்றர் உயரத்தில். நடைபாதை மறுபக்கம் போகிறதென்றால் ‘வாகன வழி இல்லை, நடந்து போகலாம்’ என்று எழுதுங்கள். கீழே வீட்டிலக்கங்கள் இன்னதிலிருந்து இன்னது வரை என்று சேர்த்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து வரும் அம்புலன்ஸ்காரர் இரவில் மூன்று ஒழுங்கை ஏறி இறங்க வேண்டியிராது. அதே விவரத்தை ஓபன்ஸ்ட்ரீட்மப்பிலும் ஏற்றிவிடுங்கள்.